முடிவு தெரிந்த கதையில் ஆவல்நிலை: ஃபோர்சைத்தின் ‘த டே ஆஃப் த ஜாக்கால்’ புதினமும் தமிழாக்கச் சிக்கல்களும்

1. முன்னுரை

பொதுவழக்கில் ‘த்ரில்லர்’ எனப்படும் பரபரப்புப் புதினத்தை ஆய்வாளர் பெரும்பாலும் விற்பனை, வாசகர் திரள், சமூகப் பாதிப்பு ஆகிய கோணங்களிலேயே நோக்குவர். அதன் மொழிக்கட்டமைப்பு ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளப்படுவது அரிது. இதனால் மொழிபெயர்ப்பாளரிடையேயும் ஒரு கருத்து நிலைபெற்றுள்ளது. கவிதையைப் பெயர்ப்பது கடினம். பரபரப்புப் புதினத்தைப் பெயர்ப்பது எளிது. கதை கெடாமல் இருந்தால் போதும் என்பதே அது. இக்கருத்து எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை ஆங்கில எழுத்தாளர் ஃபிரெடெரிக் ஃபோர்சைத்தின் (1938–2025) முதற் புதினமான ‘த டே ஆஃப் த ஜாக்கால்’ (1971) என்னும் நூலைக்கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

இந்நூலைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சார்லஸ் டி கோலைக் கொல்ல அமர்த்தப்பட்ட கூலிக் கொலையாளி ஒருவனின் முயற்சியே இதன் கதை. கதை நிகழும் ஆண்டு 1963. டி கோலோ 1970 நவம்பர் 9ஆம் நாள் தம் இல்லத்தில் இயற்கையாக இறந்தார். ஆகவே, முயற்சி தோற்றுவிடும் என்பதை நூலைத் திறக்கும் முன்னரே வாசகர் அறிவர். இருந்தும் இறுதிப் பக்கம் வரை ஆவல் குறைவதில்லை. முடிவு தெரிந்த கதையில் எஞ்சி நிற்கும் ஆவலுக்கு முடிவு காரணமாக இருக்க முடியாது. அதற்கு வேறொரு காரணம் இருத்தல் வேண்டும்.

2. கதைக்கரு உருவான முறை

ஃபோர்சைத் 1960களின் தொடக்கத்தில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் செய்தியாளராகப் பாரிசில் பணியாற்றினார். அல்ஜீரியாவுக்கு விடுதலை வழங்கியதற்காக டி கோல்மீது சினங்கொண்ட ஓ.ஏ.எஸ். என்னும் இரகசியப் படையமைப்பு அவரைக் கொல்லப் பலமுறை முயன்ற காலம் அது. 1962 ஆகஸ்டு 22ஆம் நாள் பாரிசையடுத்த பெத்தி கிளமாரில் அவருடைய மகிழுந்துமீது நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் பொழியப்பட்டன. அவரும் அவர் துணைவியாரும் காயமின்றித் தப்பினர். அத்தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய விமானப்படை அலுவலர் பாஸ்தியன் திரி 1963 மார்ச் 11ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டார்.

இச்செய்திகளைத் திரட்டியோர் பலர். அவற்றிலிருந்து கதைக்கருவைக் கண்டவர் ஃபோர்சைத். அவ்வமைப்பில் அரசின் ஒற்றர் நிறைந்திருந்தமையால் அதன் உறுப்பினர் எவராலும் டி கோலை நெருங்க இயலாது என அவர் கணித்தார். அவ்வாறாயின் நெருங்கக்கூடியவன் யார்? எந்தக் கோப்பிலும் பெயரோ படமோ இல்லாத ஓர் அயலான் மட்டுமே. இவ்வினாவும் விடையுமே புதினத்தின் விதை. நிகழ்ந்ததன் ஓரத்தில் நின்று, நிகழ்ந்திருக்கக்கூடியது எது என வினவும் இம்முறையில் கற்பனை செய்தியிலிருந்து கிளைக்கிறது. செய்திக்கு எதிராகச் செல்வதில்லை.

நைஜீரிய உள்நாட்டுப் போர் பற்றிய செய்திப்பணியை முடித்துக் கையில் பொருளின்றித் திரும்பிய ஃபோர்சைத், 1970 ஜனவரியில் இப்புதினத்தை முப்பத்தைந்து நாட்களில் எழுதி முடித்தார். கருவும் செய்திகளும் பல்லாண்டுகளாக மனத்தில் முதிர்ந்திருந்தமையே இவ்விரைவுக்குக் காரணம். பதிப்பகங்கள் சில கைப்படியை மறுத்தன. அப்போது டி கோல் உயிருடன் இருந்தார். கொல்லப்படவில்லை என்று எல்லாரும் அறிந்த ஒருவரைக் கொல்லும் கதையில் என்ன ஆவல் எஞ்சும் என்பது அவர்தம் வினா. நூல் 1971இல் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. 1972இல் அமெரிக்க மர்ம எழுத்தாளர் சங்கத்தின் எட்கர் விருதையும் பெற்றது. பதிப்பாளரின் வினா தவறானதன்று. ஆவல் முடிவில் இருக்கிறது என்ற அவர்தம் முற்கோளே தவறு.

3. ஆவல்நிலையின் கட்டமைப்பு

3.1 வியப்பும் ஆவலும்

திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரெட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோவுடன் நிகழ்த்திய உரையாடலில் வியப்பையும் ஆவலையும் வேறுபடுத்திக் காட்டினார். மேசைக்கடியில் குண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாமல் வெடித்தால் விளைவது சில நொடி வியப்பு. குண்டிருப்பதும் வெடிக்கும் நேரமும் பார்வையாளருக்குத் தெரிந்து, மேசையைச் சுற்றி அமர்ந்தோருக்குத் தெரியாதிருந்தால் விளைவது நெடுநேர ஆவல். இவ்வேறுபாட்டின்படி ஆவலுக்கு அடிப்படை அறியாமையன்று. அறிவு ஏற்றத்தாழ்வாகப் பங்கிடப்படுவதே. யார், எதை, எப்போது அறிகின்றனர் என்னும் பங்கீட்டையே ஆவல்நிலையின் இலக்கணம் எனலாம்.

3.2 ‘எப்படி’ என்னும் வினா

ஃபோர்சைத் ‘என்ன நிகழும்’ என்ற வினாவைத் தொடக்கத்திலேயே கைவிட்டு, ‘எப்படி நிகழ்த்துவான்’ என்ற வினாவை முன்வைக்கிறார். கல்லறையில் இறந்த குழந்தையின் பெயரைத் தேடி, அப்பெயருக்குப் பிறப்புச் சான்றும் கடவுச்சீட்டும் பெறுதல். பெல்ஜிய நாட்டுத் துப்பாக்கிக் கைவினைஞரிடம் தனித்துப்பாக்கி செய்வித்தல். ஆர்தென் காட்டில் பழத்தை இலக்காக வைத்துச் சுட்டுப் பழகுதல் என ஒவ்வொரு செயலும் செய்முறைக் குறிப்பின் துல்லியத்தோடு விரிகிறது. நோக்கம் சொல்லப்படாமல் செயல் மட்டும் சொல்லப்படும் இடங்களில் வாசகர் காரணத்தைத் தாமே ஊகிக்கிறார். ஊன்றுகோல் எதற்கு? பழைய இராணுவ மேலங்கி எதற்கு? ஒவ்வொரு பொருளும் விடை ஒத்திவைக்கப்பட்ட வினாவாகிறது.

3.3 இரு கோடுகள்

சதியின் உடற்கூறு, வேட்டையின் உடற்கூறு, கொலையின் உடற்கூறு எனப் பொருள்படும் தலைப்புகளோடு புதினம் மூன்று பகுதிகளாக அமைகிறது. முதற்பகுதியில் கொலையாளியின் கோடு மேலோங்கி நிற்கிறது. இரண்டாம் பகுதியில் கிளாத் லெபெல் என்னும் துப்பறியும் அலுவலர் நுழைந்து, இரண்டாவது கோடு தொடங்குகிறது. பெயரோ முகமோ தெரியாத ஒருவனைத் தேடும் பணி அவருக்கு அளிக்கப்படுகிறது. தலைவர் தம் பொது நிகழ்ச்சிகளை மாற்றவோ செய்தியை வெளியிடவோ இசையாமையால் தேடலும் மறைவாகவே நடத்தப்படவேண்டியதாகிறது.

இரு கோடுகளுக்கிடையே உள்ள இடைவெளியே ஆவலின் அளவுகோல். தொடக்கத்தில் அது வாரக் கணக்கில் இருக்கிறது. பின்னர் நாளாகவும் மணியாகவும் சுருங்குகிறது. 1963 ஆகஸ்டு 25ஆம் நாள் நண்பகலுக்குப் பின் நிமிடமாகிறது. இதற்கிடையே அரசவையிலிருந்தே செய்தி கசிந்து கொலையாளிக்கு எட்டுகிறது. லெபெல் அறிவதை அவன் அறிகிறான். அவன் அறிவதை லெபெல் நெடுநேரம் அறியார். இரண்டையும் வாசகர் அறிவர். ஹிட்ச்காக் கூறிய ஒரு குண்டுக்குப் பதிலாக இங்கு இரு மேசைகளுக்கடியிலும் குண்டு வைக்கப்பட்டுள்ளது.

இக்கட்டமைப்புக்கு விலையும் உண்டு. பாத்திரங்கள் பெரும்பாலும் செயலுக்குரிய கருவிகளாகவே நின்றுவிடுகின்றனர். பெண் பாத்திரங்கள் செய்தி கடத்தவும் தங்குமிடம் தரவும் பயன்பட்டு மறைகின்றனர். கொலையாளியின் அகவாழ்வு முற்றும் மூடப்பட்டுள்ளது. முன்னவை குறைகள், இறுதியாகக் கூறியதோ கட்டமைப்பின் தேவை. அகம் திறந்தால் அவன் யார் என்பது தெரிந்துவிடும். அவன் யார் என்பதே நூல் இறுதிவரை விடையளிக்காத வினா.

4. மொழிக்கூறுகளும் தமிழாக்கமும்

அறிவுப் பங்கீடே ஆவல் என்றால், அப்பங்கீட்டைச் செய்யும் கருவி மொழி. தொடரமைப்பும் காலமும் பெயரும் ஈறும் செய்தியை முன்னரோ பின்னரோ வெளியிடுகின்றன. மூலமொழியும் பெறுமொழியும் இதில் வேறுபடும்போது கதை கெடாமலேயே ஆவல் கெடலாம். அத்தகைய நான்கு இடங்கள் கீழே நோக்கப்படுகின்றன.

4.1 பெயர்

கொலையாளி தனக்குத் தானே சூட்டிக்கொள்ளும் மறைபெயர் ‘ஜாக்கால்’. பிரெஞ்சில் இதே விலங்கின் பெயர் ‘ஷகால்’. தேடலின் ஒரு கட்டத்தில் பிரிட்டிஷ் காவலர் சார்லஸ் கால்த்ராப் என்னும் ஒருவனை ஐயுறுகின்றனர். அவன் பெயரின் இரு சொற்களிலும் முதல் மூன்று உரோமன் எழுத்துகளைச் சேர்த்தால் அப்பிரெஞ்சுச் சொல் கிடைக்கிறது. வேட்டைக்கு வலுவூட்டும் இத்தடயம் பொருளில் இல்லை, ஒலியிலும் முழுமையாக இல்லை. எழுத்துருவில் மட்டுமே உள்ளது.

தமிழாக்குவோர் தொடக்கத்திலிருந்தே ‘நரி’ என்று எழுதினால் இத்தடயம் அழிந்துபோகும். மேலும், தமிழில் நரி என்ற சொல் நாட்டார் கதைகளின் தந்திரத்தையும் ஏமாற்றையும் முதலில் நினைவூட்டும். மூலத்தில் அப்பெயர் வேட்டை பற்றிய பேச்சின் தொடர்ச்சியாக எழுகிறது. ‘ஜாக்கால்’ என ஒலிபெயர்த்து மட்டும் விட்டால் பிரெஞ்சுப் பெயர் வரும் இடத்தில் வாசகர் திகைப்பர். தடயம் வெளிப்படும் பக்கத்தில் அடிக்குறிப்பு இட்டால் கண்டறியும் மகிழ்ச்சி வாசகருக்குக் கிட்டாது. குறிப்பு எழுதியவருக்கே உரியதாகும்.

ஆங்கிலேயர் பேச்சில் ‘ஜாக்கால்’ என்றும் பிரெஞ்சுக்காரர் பேச்சிலும் கோப்புகளிலும் ‘ஷகால்’ என்றும் முதலிலிருந்தே இரு வடிவங்களையும் வழங்கி, விலங்கின் பெயரை முதல் ஆட்சியிலேயே இயல்பாகச் சுட்டிவிடுவது தக்க வழியாகலாம். இரு ஒலிகளும் வாசகர் செவியில் பழகியிருந்தால், ஆங்கில எழுத்துக்கூட்டு பற்றிய விளக்கம் அவ்விடத்தில் ஒரு தொடரளவில் முடியும். விளக்கம் தேவையில்லை என்பதன்று. அதன் சுமை முன்னரே பிரித்து வைக்கப்படவேண்டும்.

4.2 பாலும் மதிப்பும் காட்டும் ஈறு

ஆங்கிலப் படர்க்கை ஆண்பால் ஒருமைப் பெயர் கொலையாளிக்கும் காவல் அலுவலருக்கும் நாட்டுத் தலைவருக்கும் ஒன்றே. இலக்கணம் மூவரையும் ஒரே தளத்தில் நிறுத்துகிறது. ஃபோர்சைத்தின் நடுநிலைக் கூற்றுமுறை இதனைச் சார்ந்தே இயங்குகிறது. இதனால் வாசகர் தம்மையறியாமல் கொலையாளியின் திறமைக்கு உடன்படுகின்றனர்; அவன் எல்லையைக் கடக்கும்போது அகப்பட்டுவிடக்கூடாதே என அஞ்சுகின்றனர். நூல் எழுப்பும் அறச்சிக்கல் இதுவே.

தமிழிலோ ‘அவன்’, ‘அவர்’ என்னும் தேர்வு தவிர்க்கவியலாதது. பெயரைத் தவிர்த்தாலும் வினைமுற்றின் ஈறு அதனைக் காட்டிவிடும். கொலையாளியை ‘வந்தான்’ என்றும் லெபெலை ‘வந்தார்’ என்றும் எழுதுவது தமிழ்ப் புனைகதை மரபுக்கு ஏற்றதே. வயதும் பதவியும் உடையோர் -ஆர் ஈறு பெறுவதும் இளையோர் -ஆன் ஈறு பெறுவதும் இயல்பாதலின், ‘அவன்’ என்பது தன்னளவில் பழிப்பாகாது. ஆயினும் முந்நூறு பக்கங்களுக்கு மேல் இவ்வேறுபாடு தொடரும்போது ஆசிரியர் எடுக்காத ஒரு சார்பைத் தமிழ் ஈறு எடுத்துவிடுகிறது.

இதனை ஓரளவு நேர்செய்யும் வாய்ப்பும் தமிழிலேயே உள்ளது. கொலையாளி மாற்றுவேடத்தில் பிறர் பார்வையில் தோன்றும் இடங்களில், விடுதிப் பணியாளர் காணும் டேனிஷ் பாதிரியாரை ‘வந்தார்’ என்றும், ஆசிரியர் பார்வைக்குத் திரும்பும்போது ‘வந்தான்’ என்றும் எழுதலாம். அப்போது யார் பார்வையில் காட்சி விரிகிறது என்பதை ஈறே அறிவிக்கும். ஆங்கிலத்தில் இல்லாத ஒரு நுட்பம் தமிழில் கூடுதலாக அமையும். ஒரு பத்திக்குள்ளேயே ‘அவர்’ ‘அவன்’ ஆகும் இடத்தில் வேடம் கலைவது வாசகருக்குச் சொல்லாமலே விளங்கும்.

யாரென்று தெரியாதவரைக் குறிப்பதற்கும் தமிழ் இலக்கண மரபில் வழி உண்டு. ஆணா பெண்ணா என்னும் ஐயத்தில் பன்மையால் கூறவும், உயர்திணையா அஃறிணையா என்னும் ஐயத்தில் ‘உரு’ என்னும் பொதுச்சொல்லால் கூறவும் தொல்காப்பியக் கிளவியாக்கம் இடந்தருகிறது. தமிழ் மர்மக்கதைகளில் பெரிதும் பயிலும் ‘அந்த உருவம் நகர்ந்தது’ போன்ற தொடர்களை வணிக எழுத்தின் தேய்வழக்கு எனத் தள்ளுவோர், அவை இவ்விலக்கண ஐயத்தின் வழிவந்தவை என்பதையும் கருதுதல் நலம். பாலை மறைக்கவியலாத வினைமுற்று அமைந்த மொழியில் ஐயத்தைக் காக்க அதுவே இயல்பான வழி.

4.3 காலம்

புதினம் பாஸ்தியன் திரியின் மரணதண்டனையோடு, விடியற்பொழுதின் குளிரைப் பற்றிய ஒரு கூற்றுடன் தொடங்குகிறது. அம்முதல் தொடர் ஆங்கிலத்தில் நிகழ்காலத்தில் அமைந்த பொதுக்கூற்று. அடுத்த தொடரிலேயே நாளும் இடமும் குறிக்கப்பட்டு இறந்தகாலம் தொடங்குகிறது. என்றுமுள்ள உண்மையிலிருந்து நிகழ்ந்த வரலாற்றுக்கும், அங்கிருந்து ஓசையின்றிக் கற்பனைக்கும் வாசகர் நகர்த்தப்படுகிறார்.

இதனைத் தமிழில் ‘குளிர்கிறது’ எனப் பெயர்த்தால் அது இப்போது நிகழும் காட்சியாகிவிடும். அடுத்த தொடரின் இறந்தகாலம் முரணாகத் தோன்றும். முக்காலத்துக்கும் ஒத்த இயல்பைச் ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டுச் சொல்லால் கூறவேண்டும் என்பது தொல்காப்பிய வினையியல் தரும் விதி. அவ்விதிப்படி ‘குளிரும்’ என்னும் வடிவமே இங்குப் பொருந்தும். நிகழ்காலத்துக்கு நிகழ்காலம் என்னும் நேர்ப்பெயர்ப்பு இங்கு மூலத்தைக் காக்கவில்லை. தமிழின் பழைய விதியே காக்கிறது.

4.4 தொடரமைப்பு

ஆங்கிலத்தில் பெயரை விளக்கும் தொடர்கள் பெயருக்குப் பின் வருகின்றன. முதலில் ஆள் தோன்றுகிறான். பின்னர் அவன் கையில் உள்ளது தெரிகிறது. தமிழில் பெயரெச்சத்தொடர் பெயருக்கு முன் நிற்கும். ‘கையில் துப்பாக்கி ஏந்திய ஒருவன் கதவைத் திறந்தான்’ என்ற தொடரில் ஆள் தோன்றுமுன் துப்பாக்கி தோன்றிவிடுகிறது. ‘ஒருவன் கதவைத் திறந்தான், அவன் கையில் துப்பாக்கி இருந்தது’ எனப் பிரித்தால் மூலத்தின் அறிமுறை காக்கப்படும். எனவே நெடுந்தொடரைப் பெயரெச்சங்களால் கட்டுவது நடைக்கு அழகாயினும் ஆவலுக்கு ஊறாகலாம்.

இதற்கு மறுதலையாகத் தமிழுக்கே உரிய வலிமையும் ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் எதிர்மறை வினைக்கு முன்னரே வந்து முடிவை அறிவித்துவிடும். தமிழில் வினை இறுதியில் நிற்க, எதிர்மறை அவ்வினையின் இறுதியில் நிற்கும். ‘குண்டு அவர் தலையைத் துளைக்க’ என்பது வரை வாசகர் அறிவது ஒன்று; ‘வில்லை’ என்பதில் அறிவது மற்றொன்று. தொடரின் இறுதி அசை வரை முடிவை ஒத்திவைக்கும் இவ்வமைப்பு பரபரப்புப் புதினத்துக்கு வாய்த்த பேறு. மூலத்தில் இரு தொடர்களால் விளையும் பயனைத் தமிழில் ஒரு தொடரால் பெறமுடியும். ஓரிடத்தில் இழந்ததை மற்றோரிடத்தில் ஈட்டும் வாய்ப்பு இது.

5. பெயர்க்கப்படாத ஒரு சைகை

மேற்கூறியவை அனைத்தும் புதினத்தின் உச்சக்காட்சியில் ஒன்றுகூடுகின்றன. பாரிசு விடுதலை நாள். ஒரு காலை இழந்த முதிய போர்வீரனாக வேடமிட்டு, ஊன்றுகோலுக்குள் துப்பாக்கியை மறைத்து, காவல் வளையத்தைக் கடந்து, சதுக்கத்தை நோக்கிய அறையில் கொலையாளி அமர்ந்திருக்கிறான். டி கோல் முன்னாள் வீரர்களுக்குப் பதக்கம் அணிவிக்கிறார். விசை அழுத்தப்படும் நொடியில் அவர் குனிந்து, பதக்கம் பெற்றவரின் கன்னங்களில் முத்தமிடுகிறார். குண்டு தவறுகிறது. மறுமுறை சுடுவதற்குள் லெபெல் அறையை அடைகிறார். ஒருவரையொருவர் அதுவரை கண்டிராத இருவரும் ஒருவர் பெயரை மற்றவர் சொல்லி அறிந்துகொள்கின்றனர். கொலையாளி அங்கேயே மாள்கிறான்.

இறுதித் தவறு தற்செயலானது எனக் குறைகூறுவதற்கு இடமுண்டு. ஆழ்ந்து நோக்கினால் அது தற்செயலன்று. பதக்கம் அணிவிக்கும்போது கன்னத்தில் முத்தமிடுவது பிரெஞ்சு வழக்கம். ஆங்கிலேயனுக்கு அது எதிர்பாராதது. பிரெஞ்சு மொழியைப் பிழையறப் பேசி, பல நாட்டவராக வேடமிட்டு, எல்லாத் தாள்களையும் சரியாக வைத்திருந்தவன் ஒரு பண்பாட்டுச் சைகையை மட்டும் கணக்கில் கொள்ளவில்லை. மொழியைக் கற்றவன் வழக்கத்தைக் கற்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் நாள்தோறும் எதிர்கொள்ளும் இடர் இப்புதினத்தில் உயிர்நிலைச் சிக்கலாக நிற்கிறது.

தமிழ் வாசகருக்கும் அவ்வழக்கம் புதிது. அதனை விளக்கும் குறிப்பை முன்னதாகவே தந்தால் முடிவு கசிந்துவிடும். பின்னர்த் தந்தால் காட்சி விளங்காமல் போகலாம். ஆசிரியர் அவ்விளக்கத்தைக் குண்டு தவறும் அந்நொடியில்தான் வைத்துள்ளார். கொலையாளியின் அறியாமையை வாசகரும் அதுவரை பகிர்ந்துகொள்ளவேண்டும் என்பதே அதன் பயன். ஆகவே தமிழாக்கத்தில் அவ்விடத்துக்கு முன் குறிப்பு கூடாது. வீரர் வரிசையும் பதக்கமும் தலைவரின் உயரமும் தெளிவாக எழுதப்பட்டால், குனிதல் தானே விளங்கும்.

6. முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. ஃபோர்சைத்தின் கதைக்கரு நிகழ்ந்த செய்தியின் ஓரத்தில் எழுந்த ஒரு வினாவிலிருந்து பிறந்தது. அவர் வளர்த்த ஆவல் முடிவை மறைப்பதால் விளைந்ததன்று. அறிவைப் பாத்திரங்களுக்கும் வாசகருக்கும் வெவ்வேறு நேரத்தில் பங்கிடுவதால் விளைந்தது. அப்பங்கீட்டைப் பெயரும் ஈறும் காலமும் தொடரமைப்பும் நிகழ்த்துகின்றன. இவை மொழிக்கு மொழி வேறுபடுதலின், ஒவ்வொரு சொல்லும் சரியாகப் பெயர்க்கப்பட்ட பின்னரும் புதினம் சுவையிழந்து போதல் கூடும்.

பரபரப்புப் புதினத்தைப் பெயர்ப்பது எளிது என்ற கருத்து, பெயர்க்கப்படவேண்டியது கதை என்ற எண்ணத்திலிருந்து எழுவது. உண்மையில் அங்குப் பெயர்க்கப்படவேண்டியது வாசகர் அறியும் வரிசை. மூலத்தில் ஒரு செய்தி எப்போது தெரியவந்ததோ தமிழிலும் அப்போதே தெரியவருமாறு செய்வதே இவ்வகை நூலில் மூலத்துக்குச் செய்யும் உண்மை. அதற்குத் தமிழின் ஈறுகளும் எச்சங்களும் சில இடங்களில் தடையாகவும் சில இடங்களில் துணையாகவும் நிற்கின்றன. எங்குத் தடை, எங்குத் துணை என்பதைப் பெயர்க்கத் தொடங்குமுன் கணித்துக்கொள்வது, விசையை அழுத்துமுன் வழக்கத்தையும் கணக்கில் கொள்வது போன்றது.